ஆறு மாத எதிர்காலத்தை ஒப்படைக்கக் கோரி

ஜூன் 18

வக்கீல் குருவையா அண்ணன் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். "நடக்கிறதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைம்மா, பின்னால கோர்ட்டுல உதவும்" என்றார். அவர் என் வீட்டுக்காரரின் தங்கை புருஷன். இருபது வருஷமாக வாகன விபத்து வழக்கு மட்டும் பார்க்கிறவர். நோட்டீஸை நீட்டியதும் முதலில் கேட்டது, "காயம் எதுவும் பட்டிருக்கா?" என்றுதான்.

இன்று காலை இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பதிவுத் தபால் வந்தது. தங்கமீன் காலண்டர்ஸ் முதலாளி தவசிலிங்கம் அண்ணாச்சி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். பதினாறு வருஷம் நான் புரூஃப் பார்த்த கம்பெனி. ஈரக்கையோடு வாங்கியதில் 'சட்டப்படியான' என்ற சொல் கரைந்து போனது. மற்றதெல்லாம் நன்றாகவே தெரிந்தது.

"மாரீஸ்வரி ஆகிய தாங்கள், எங்கள் கட்சிக்காரருக்குச் சொந்தமான அடுத்த வருட ராசிபலன் கையெழுத்துப் பிரதியைக் கம்பெனியிலிருந்து வெளியே கடத்தும்போது பிடிபட்டீர்கள். பிடிபட்ட பையில் ஜனவரி முதல் ஜூன் வரை மட்டுமே இருந்தது. எனவே ஜூலை முதல் டிசம்பர் வரையிலான எதிர்காலத்தைப் பதினைந்து தினங்களுக்குள் எங்கள் கட்சிக்காரரிடம் ஒப்படைக்கவும், மேற்படி பலனைக் கணித்த கடம்பூர் ஏகாம்பர ஜோசியரின் தற்போதைய விலாசத்தைத் தெரிவிக்கவும் தவறினால்..."

தவறினால் என்னென்ன என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர் மூன்று தடவை படித்தார். அவர் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர், எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார். "எதிர்காலத்த எங்கடி வச்சிருக்க, பரண்லயா?" என்றார்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். தினசரி காலண்டர் தாளின் அடியில் ராசிக்கு ஒரு சொல் போட்டிருக்குமே, மேஷம் வரவு, ரிஷபம் பாராட்டு என்று, அதை அண்ணாச்சி வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர். ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுக்கிறவரே அதை நம்பவும் செய்கிறார். காலையில் வந்ததும் தாளைக் கிழிப்பார், தன் கன்னி ராசிக்கு என்ன என்று பார்ப்பார், அதன்படிதான் அன்றைய முகம். ஜூன் 12ஆம் தேதி கன்னிக்கு 'ஏமாற்றம்'. அன்று முழுக்க யார் தன்னை ஏமாற்றப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் ஏஜென்ட் வந்தார், ஏமாற்றவில்லை. பேங்க்காரர் வந்தார், அவரும் ஏமாற்றவில்லை. சாயந்தரம் ஐந்து மணிவரை ஒருவரும் ஏமாற்றாததில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. அப்போது பார்த்து நான் மஞ்சள் பையோடு கிளம்பினேன்.

"மாரீஸ்வரி, பையத் தொற."

திறந்தேன். அடுத்த வருஷப் பலன், பச்சை மையில், ஜூன் வரைக்கும். ஜோசியரிடமிருந்து இன்னும் வந்து சேராத கையெழுத்துப் பிரதி.

"திருடி" என்றார். பைண்டிங் செக்ஷனில் நாற்பது பெண்கள். எல்லார் கையும் பசையிலேயே நின்றுவிட்டது. நான் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நோட்டீஸுக்கெல்லாம் நான் பயப்படவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் சொல்லை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதே நாற்பது பேர் முன்னால். பையில் அந்தத் தாள்கள் எப்படி வந்தன என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 19

வக்கீல் அண்ணன் போன் செய்து ஜோசியரின் விலாசம் கேட்டார். தலைவலி என்று வைத்துவிட்டேன். தண்ணீர் வந்தது, பதினொரு குடம்.

ஜூன் 22

வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிநிலா காலண்டர்ஸ், அண்ணாச்சிக்குப் பரம எதிரி. முதலாளி கிங்ஸ்டனுக்கு வயது இருபத்தொன்பது இருக்கும். அறைக்குள் ஏசி, எனக்குத் தும்மல். என்னை மேடம் என்கிறார். பதினாறு வருஷத்தில் என்னை யாரும் மேடம் என்றதில்லை. திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

"உங்களுக்கு நோட்டீஸ் வந்தது தெரியும் மேடம். அத நாம பாத்துக்கலாம். நீங்க ஒண்ணு மட்டும் செய்ங்க. ஆடிப் பதினெட்டுக்குள்ள ஏகாம்பர ஜோசியர் நம்ம பக்கம் வந்துரணும்."

ஆடிப் பதினெட்டுதான் சிவகாசியில் எங்களுக்கு வருஷப் பிறப்பு. அன்றைக்குப் பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள், முதல் தாள் மெஷினில் ஏறும். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

"பாக்கலாம் சார்" என்றேன். பார்க்கலாம் என்று சொல்வது பொய் ஆகாது.

ஜூன் 25

வக்கீல் அண்ணன் பதில் நோட்டீஸ் எழுதிக் கொண்டுவந்தார். "சம்பவ தினத்தன்று மாலை சுமார் ஐந்து மணியளவில் என் கட்சிக்காரர் இடது ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தபோது, எதிரே அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்த தவசிலிங்கம்..."

"அண்ணே, அவரு உக்காந்துதான இருந்தாரு" என்றேன்.

"பழக்க தோஷம்மா" என்று பேனாவால் அடித்தார். அடித்துவிட்டு, "ஆனா அதிவேகமும் அஜாக்கிரதையும் இருக்கட்டும். அது பொருந்துது" என்றார். எனக்கும் பொருத்தமாகத்தான் பட்டது. இருக்கட்டும் என்று விட்டோம்.

பதிலை என்றைக்கு அனுப்புவது என்பதில்தான் பேச்சு நீண்டது. நான் சுவரிலிருந்த தங்கமீன் காலண்டரை எடுத்துப் புரட்டினேன். (அந்தக் காலண்டரை ஏன் இன்னும் மாட்டி வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆணி இருக்கிறது, மாட்டியிருக்கிறேன்.) நாளைக்குக் கன்னிக்கு 'கோபம்', நாளை மறுநாள் 'பகை', 28 'அலைச்சல்', 30 'இணக்கம்'. முப்பதாம் தேதி அவர் கையில் கிடைக்கிற மாதிரி அனுப்பச் சொன்னேன்.

"அவரு மனசு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன்.

"போட்டிருக்கே" என்றேன். யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

ஜூன் 28

கன்னிக்கு அலைச்சல் என்று போட்டது பலித்தேவிட்டது. பைண்டிங் செக்ஷன் சீனியம்மா போனில் சொன்னாள். அண்ணாச்சி இன்று காரை எடுத்துக்கொண்டு ஜோசியரைத் தேடிக் கடம்பூருக்கே போயிருக்கிறார். ஜோசியர் வீடு இருந்த இடத்தில் உரக் கடை கோடவுன். அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "அந்தப் பெரியவரு மகன் கூட ஜாம்ஷெட்பூர் போயி ஒம்பது வருசமாச்சே" என்றார்களாம்.

"முதலாளி வந்து நாக்காலில உக்காந்தவரு உக்காந்தபடியே இருக்காரு அக்கா. போன வருசம் பலன் வந்துச்சே, அதுக்கு முந்தின வருசம் வந்துச்சேன்னு ஒவ்வொரு விரலா மடக்கிட்டு இருக்காரு."

இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

ஜூலை 2

இரண்டாவது நோட்டீஸ். நான் வெள்ளிநிலாவில் சேர்ந்தது தெரிந்துவிட்டது. "மேற்படி ஏகாம்பர ஜோசியரைத் தாங்கள் ஒன்பது வருட காலமாக இரகசிய இடத்தில் அடைத்து வைத்து, வெளியுலகத் தொடர்பின்றி, அவரிடமிருந்து பலன்களை எழுதி வாங்கி வந்துள்ளீர்கள் என எங்கள் கட்சிக்காரர் சந்தேகிக்கிறார்."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடைச்சு வச்சு எழுதி வாங்குனது நெசந்தான. சமையக்கட்டுக் கதவ நான் எத்தன நாள் தட்டிருக்கேன்."

சரி. எழுதிவிடுகிறேன். கோர்ட்டில் காட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாம்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் ஜோசியரிடமிருந்து தபால் கார்டு வந்தது. கண் தெரியவில்லை, மகனோடு போகிறேன், இனி என்னால் ஆகாது, முதலாளியிடம் பக்குவமாகச் சொல்லிவிடு என்று. பக்குவமாகச் சொல்லத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு அண்ணாச்சி இருந்த இருப்பில் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு வருஷம் நாமே எழுதிவிடுவோம், அடுத்த வருஷம் வேறு ஜோசியரைப் பார்க்கச் சொல்லுவோம் என்று பச்சை மைப் பேனா ஒன்று வாங்கினேன். ஜோசியர் எழுத்து இடது பக்கம் சாயும். எனக்கு அது இரண்டே நாளில் வந்துவிட்டது.

அவ்வளவுதான். அடுத்த வருஷம் அப்படியே அதற்கடுத்த வருஷமாகி, அதற்கடுத்த வருஷமும் ஆகிவிட்டது. திதி, நட்சத்திரமெல்லாம் பஞ்சாங்கத்திலிருந்து எடுப்பது, அதில் நான் கை வைத்ததில்லை. பலன் மட்டும் என்னுடையது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், வீட்டில் கொஞ்சமாக எழுதி, ஜூலையில் பழுப்பு உறையில் போட்டு, "ஜோசியர் கவர் வந்திருச்சு அண்ணாச்சி" என்று கொடுப்பேன். அவர் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமம் வைத்து, கையலம்பிவிட்டுத்தான் பிரிப்பார்.

ஜோசியர் தட்சிணை வாங்கமாட்டார் என்று நானே சொல்லிவிட்டேன். அதில் நான் சுத்தம். ஆனால் வருஷம் ஒரு வேட்டியாவது வாங்கியே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதம் பிடித்து, பச்சைக் கரையில் மஞ்சள் கோடு வைத்துச் சொல்லி நெய்ய வைத்துக் கொடுப்பார். ஒன்பது வேட்டி. வீட்டுக்காரர் ஜோசியம் பொய் என்பார், வேட்டி நல்ல வேட்டி என்பார்.

இப்போது என் நிலைமை இதுதான். திருடவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், ஒன்பது வருஷம் ஏமாற்றினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூலை 5

வருஷத்துக்கு நாலாயிரத்து முன்னூற்று எண்பது சொல். என்னிடம் இருப்பது மொத்தம் நாற்பத்தெட்டு. ஏதோ அள்ளித் தெளிக்கிற வேலை என்று நினைக்கக் கூடாது. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மாதத்தில் எந்த ராசிக்கும் 'தோல்வி' போடமாட்டேன். திங்கட்கிழமை யாருக்கும் 'சோர்வு' கிடையாது, அது எப்படியும் இருக்கும். ஒரே நாளில் பன்னிரண்டு ராசிக்கும் கெட்டது வந்துவிடாமல் பார்ப்பேன், ஒரு வீட்டில் யாராவது ஒருத்தராவது தைரியம் சொல்ல வேண்டுமே. என் ராசி ரிஷபம். வருஷத்தில் ஐம்பது நாள் 'பாராட்டு' போட்டுக்கொள்வேன். ஒருவரும் பாராட்டியதில்லை.

ஜூன் 12ஆம் தேதி கன்னிக்கு 'ஏமாற்றம்' விழுந்தது தற்செயல்.

தற்செயல் இல்லை. போன வருஷம் அந்தத் தாளை எழுதிய அன்று, நாத்தனார் மகள் வளைகாப்புக்குப் போக அரை நாள் லீவு கேட்டேன். தர மாட்டேன் என்றார். எரிச்சலில் எழுதினேன். அது வருஷம் சுற்றி வந்து என் பையிலேயே விழுந்திருக்கிறது.

ஜூலை 9

கிங்ஸ்டன் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஜோசியர் போட்டோ போட வேண்டும் என்றார். ருத்திராட்சம், பின்னால் ஒளிவட்டம். "நாளைக்குக் கூட்டிட்டு வந்துருங்க மேடம், போட்டோகிராபர் சொல்லியாச்சு."

இனியும் பார்க்கலாம் என்று இழுத்தால் என் வீட்டுக்காரருக்குத்தான் தாடி ஒட்டிக் கூட்டி வர வேண்டும். சொல்லிவிட்டேன். ஜோசியர் இல்லை, ஒன்பது வருஷமாக நான்தான்.

கிங்ஸ்டன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்ப கெரகமெல்லாம் பாக்கிறதில்லையா?"

"மனுசங்களத்தான் பாக்குறது."

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நாப்பத்தெட்டு வார்த்தைன்னா கம்ப்யூட்டர்ல குலுக்கிப் போட்டா ஒரு நிமிசம் ஆகாது."

வேலை போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. குலுக்கிப் போடுவாராம். ரிசல்ட் வருகிற மாதம் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூலை 11

வக்கீல் அண்ணனிடமும் உண்மையைச் சொன்னேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இத எங்கயும் எழுதி வைக்கலியே?"

"நீங்கதான எழுதி வைக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னது நமக்குச் சாதகமா நடக்கிறத." தண்ணீர் குடித்தார். "பொல்லாத கேசும்மா. இதுக்கு நேருக்கு நேர் லாரி மோதின கேசு தேவல."

என் ஊர் முகத்தில் நான் எப்படி முழிப்பது என்று முதல் தடவையாகப் பயம் வந்தது. தெருவில் பாதி வீட்டில் தங்கமீன் காலண்டர்தான். காலையில் தாளைக் கிழித்துவிட்டு, "எனக்கு இன்னிக்கு நன்மையாம்" என்று சந்தோஷமாகப் போகிற எதிர்வீட்டு அம்மா முகத்தை இன்று பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. கூழ் காய்ச்சினேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 21

அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார்.

மத்தியானம் மூன்று மணி. கன்னிக்கு இன்று 'துணிவு', அந்தத் தைரியத்தில் கிளம்பியிருக்கிறார். கதவைத் திறந்தது வீட்டுக்காரர். இடுப்பில் பச்சைக் கரையில் மஞ்சள் கோடு போட்ட வேட்டி.

அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவே இல்லை. கரையைத்தான் பார்த்தார். அவரே நின்று நெய்ய வைத்த கரை, ஜோசியரைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரிடமும் இருக்க முடியாத கரை. பிறகு கொடியைப் பார்த்தார். அங்கே இன்னும் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன.

"ஜோசியர் உள்ள இருக்காரா?" என்றார், குரலைத் தணித்துக்கொண்டு.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்வது? உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தபால் கார்டைக்கூட எடுத்துக் காட்டினேன்.

அவர் நம்பவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வைவார், போலீசுக்குப் போவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவரோ தலையை ஆட்டிக்கொண்டு, "அவரக் காப்பாத்துறதுக்குச் சொல்ற. உனக்கு அவ்வளவு ஞானம் ஏது?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லையாம். பச்சைப் பேனாவை எடுத்து அவர் கண் முன்னாலேயே ஒரு வாரத்துக்கு எழுதினேன், இடது பக்கம் சாய்த்து. உற்றுப் பார்த்தார்.

"எழுத்தக் காப்பி அடிக்கலாம். பலன எப்படிக் காப்பி அடிப்ப? அந்த மனுசன் எனக்கு எழுதினது ஒவ்வொண்ணும் உள்ளதச் சொல்லும்."

"மார்ச் பதினாலு" என்றேன்.

அவர் கை வேட்டி மடியில் அப்படியே நின்றது. மார்ச் பதினாலு அவர் சம்சாரம் செல்லக்கனி அக்கா தவறிப் போன நாள். தபால் கார்டு வந்த அந்த ஜூனில் அக்கா போய் மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அண்ணாச்சி அப்போது கம்பெனிக்கு வருவார், மேஜையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சாயந்தரம் போவார். அந்த மனுஷனிடம் போய், உங்கள் ஜோசியரும் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது?

"ஒம்பது வருசமும் அந்தத் தேதிக்குக் கன்னிக்கு என்ன போட்டிருந்துச்சு அண்ணாச்சி?"

நானே சொன்னேன்.

"ஆறுதல். வேற ராசிக்கெல்லாம் மாத்தி மாத்திப் போடுவேன். அது மட்டும் மாத்தினதில்ல."

வீட்டுக்காரர் வேறு வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, காபியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"கெரகத்துக்கே நம்ம மேல ஒரு எரக்கம் இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார் கடைசியில். "ஒவ்வொரு வருசமும் அந்தத் தாள மட்டும் கிழிக்க மாட்டேன். அப்படியே மடிச்சுப் பர்சுல வச்சுக்குவேன். இப்ப அது நீதான்னு சொல்றியே."

காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். தப்புச் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பொய் சொன்னது தப்பா, உண்மையைச் சொன்னது தப்பா என்றுதான் விளங்கவில்லை. அழுகையாக வந்தது, அழுதேன்.

ஜூலை 25

வக்கீல் அண்ணனிடம் ஒரு கடைசிப் பதில் எழுதச் சொன்னேன். விபத்து எதுவும் வேண்டாம், நான் சொல்கிறபடி மட்டும் என்று. ஜூலை முதல் டிசம்பர் வரை எழுதித் தருகிறேன், ஜோசியர் பேரில் இல்லை. அவர் நாற்பது பேர் முன்னால் சொன்ன ஒரு சொல்லை நாற்பது பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

"நஷ்ட ஈடு?" என்றார் அண்ணன், ஏக்கமாக.

"அதெல்லாம் வேண்டாம்ணே."

ஜூலை 29

அவருடைய வக்கீலிடமிருந்து பதில். "எங்கள் கட்சிக்காரர் மேற்படி சொல்லைச் சொன்னதாக ஒப்புக்கொள்ளவில்லை. சொல்லியிருப்பினும் அது தங்களைக் குறித்தது அல்ல. தங்களைக் குறித்ததாயினும் கோபத்தில் சொன்னதாகும். கோபம் அன்றைய பலனில் இல்லாதபடியால் அதுவும் சொல்லப்படவில்லை." இதை எழுதியவர் படித்துப் பார்த்திருக்க மாட்டார். திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் மூன்றாம் தேதி பூஜைக்கு வரச் சொல்லி அச்சடித்த அழைப்பிதழ் ஒன்று கூடவே இருந்தது.

நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆகஸ்ட் பாதி வரை முடிந்திருக்கிறது. கறுப்பு மை, என் எழுத்து, நேராக.

"அவரு சொல்லலைன்னா?" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லலைன்னாலும் ஜூனோட வருசம் நின்னுருமா?" என்றேன். ரோஷமாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அவர் ஆடிப் பதினெட்டுக்குள் சொல்லவில்லை என்றால் பிறகு சொல்லவே மாட்டார், அது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 2

டிசம்பர் 31 முடித்தேன். விரல் மடங்கவில்லை. வீட்டுக்காரர் குழம்பு வைத்தார். கேள்வி கேட்காமல் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3

காலையில் எழுந்ததும் காலண்டரைக் கிழித்தேன். கன்னி: மௌனம்.

எழுதினது நான்தான். போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு என்ன போடலாம் என்று யோசித்து, பூஜை நாளாச்சே, அவர் மைக்கைப் பிடித்தால் விட மாட்டாரே என்று நானே போட்டது. பதினாறு வருஷமாக ஒரு நாள்கூட தாளை மீறி நடக்காத மனுஷன். என் வாயிலேயே நான் மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று சொன்னதற்கு, வீட்டுக்காரர், "போயிட்டாவது வா" என்றார்.

போனேன். மெஷினுக்கு மாலை, வாசலில் வாழைமரம், பைண்டிங் செக்ஷன் பெண்கள் எல்லாரும் தலை நிறையப் பூ. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சீனியம்மா மட்டும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் காதில், "பலன் எழுதினது நான்தாண்டி" என்றேன், இவளாவது என் வாயால் தெரிந்துகொள்ளட்டும் என்று.

"அது எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள். "ஒவ்வொரு ஜூனும் விரலெல்லாம் பச்சையாத் திரிவீங்க. முதலாளிக்குத் தெரிய வேண்டாம்னு நாங்களும் பேசிக்கிறதில்ல."

நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒன்பது வருஷமாக.

அண்ணாச்சி சாமி படத்துக்கு முன்னால் நின்றார், என் பக்கம் திரும்பவில்லை. நான் நேரே போய் உறையைப் பூஜைத் தட்டில் வைத்தேன். அனுப்புநர் என்ற இடத்தில் மாரீஸ்வரி என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்தார். குங்குமத்தை எடுத்து உறையில் வைத்தார். கையை அலம்பிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சூடம் காட்டி முடிந்ததும் மைக்கைக் கொடுத்தார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வக்கீல் எழுதிக் கொடுத்தது. "கடந்த ஜூன் பன்னிரண்டாம் தேதி என்னால் வெளியிடப்பட்டதாகக் கூறப்படும் கூற்றினை, எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி..."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ போனஸ் விஷயம் என்று நினைத்து முன் வரிசையில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

அவர் நிறுத்தினார். தாளை மடித்தார், பையில் வைக்கவில்லை, அப்படியே பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"எனக்கு இன்னைக்கு மௌனம்னு போட்டிருக்கு" என்றார். "போட்டவ அந்தா நிக்கா. அவ போட்டத இத்தன வருசம் கேட்டேன். இன்னைக்கு ஒரு நாள் கேக்கல."

என்னைப் பார்த்தார்.

"மாரீஸ்வரி திருடல. நான் சொன்னது தப்பு."

யாரோ மெஷினைப் போட்டுவிட்டார்கள், அந்த நேரம் பார்த்து. கடகடவென்ற சத்தத்தில் பின் வரிசையிலிருந்து சீனியம்மா எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"முதலாளி, இங்க கேக்கல. மைக்கப் பக்கத்துல வச்சுச் சொல்லுங்க."

அவள் நின்ற இடத்துக்கு மேலேதான் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அண்ணாச்சி மெஷினை நிறுத்தச் சொன்னார். மைக்கை வாய்க்கு ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டதாம்.

எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டுவிட்டது. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது தடவையையும் நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டேன்.